இரண்டு சாவிகள்

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஏரி வற்றிப்போனால் நெல்லுக்குள் அரிசி வைக்காது. கதிர்நாவாய்ப் பூச்சி பாலை உறிஞ்சினாலும் அப்படித்தான். பயிர் சாவியாய்ப் போய்விட்டது என்பார் உழவர். ‘சா’ என்ற வினையில் பிறந்த சொல் அது. அவரே வீட்டைப் பூட்டி இடுப்பில் செருகிக்கொள்வதும் சாவிதான். எழுத்தும் ஒலியும் ஒன்று. பிறப்பால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த இரண்டாவது சாவி கடல் வழி வந்தது. லத்தீன் ‘கிளாவிஸ்’ இத்தாலியில் ‘கியாவே’, ஸ்பெயினில் ‘யாவே’, பிரான்சில் ‘கிளே’. போர்த்துக்கீசியர் வாயில் முதலெழுத்து சகரமானது. அன்று அது ‘பச்சை’யில் வரும் அழுத்தமான சகரம். பின்னாளில் லிஸ்பனில் அது ‘ஷ’வாகக் கரைந்துவிட்டது, இந்தி பேசுவோரின் ‘சாபி’யில் அந்தப் பழைய அழுத்தம் இன்னும் கேட்கிறது. சொந்த நாட்டுத் தலைநகர் இழந்த ஒலியை வாங்கியவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள்!

போர்த்துக்கீசியர் 1520களில் மயிலாப்பூரில் குடியேறினார்கள். மேசை, ஜன்னல், அலமாரி எல்லாம் அவர்கள் மொழி தந்தவை. ஆனால் 1619 முதல் 1658 வரை அவர்கள் நேரடியாக ஆண்ட யாழ்ப்பாணத்தில் யன்னலும் அலுமாரியும் உண்டு; சாவிக்கு மட்டும் ‘திறப்பு’. ஆள்பவன் மொழியிலும் மக்கள் வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கி, 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது மறைமலைநகர். அங்கும் பேச்சில் சாவிதான். திறவுகோல் ஏட்டோடு நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. நானூறு ஆண்டு நம் இடுப்பில் இருந்த சொல் நம்முடையதே.

என் கவலை மற்ற சாவியைப் பற்றியது. தனித்தமிழ் என்று தேடுவோர் கண்ணில் படவேண்டிய சொல் அது. வயல்கள் மனைகளாகிவிட்ட ஊரில் வளரும் பிள்ளைக்குச் சாவி என்றால் வண்டிச் சாவி மட்டுமே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இரண்டையும் பதிந்திருப்பது உண்மை. ஆனால் பதருக்கும் கருக்காய்க்கும் சாவிக்கும் உள்ள வேறுபாட்டைக் கையில் அள்ளிக் காட்டத் தெரிந்தவர்கள் மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் இன்னும் பயிரிடுகிறார்கள். தமிழ்த்துறை மாணவர்கள் அடுத்த அறுவடைக்கு அந்தக் களங்களுக்குப் போய் எழுதி வரவேண்டும்.