கோழிகளை எண்ணிய மீனா



போன வாரம் கோலியனூரிலிருந்து விழுப்புரத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன். நான்காம் வகுப்பு படிப்பான் போலிருக்கிறது. அம்மாவின் செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே வந்தான். "இந்தப் படமெல்லாம் யாருப்பா வரையறாங்க?" என்று கேட்டேன். "யாரும் வரையறதில்ல தாத்தா. கம்ப்யூட்டரே செஞ்சிடும்" என்றான். அதற்குள் நான் இறங்கும் இடம் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் கார்ட்டூன் படங்களைக் கையால்தான் வரைந்தார்கள். ஒரு கிளி பறக்க வேண்டுமா? இறக்கை மேலே இருப்பதுபோல் ஒரு படம், கொஞ்சம் கீழே இறங்கியதுபோல் அடுத்த படம், இன்னும் இறங்கியதுபோல் இன்னொன்று... ஒரு நொடிக்குக் குறைந்தது 12 படங்களாவது வேண்டும். பத்து நிமிடப் படத்துக்கு எத்தனை? பென்சிலை எடுங்கள். பத்து நிமிடத்துக்கு 600 நொடி. 600ஐ 12ஆல் பெருக்கினால் 7,200! ஒவ்வொன்றையும் கண்ணாடிபோன்ற தாளில் நகல் எடுத்து, பின்பக்கம் வண்ணம் தீட்டி, காமிராவுக்கு அடியில் வைத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். நடுவில் ஒரே ஒரு தாளில் கிளியின் மூக்குக்குச் சிவப்பு அடிக்க மறந்துவிட்டால் போதும், திரையில் மூக்கு 'பளிச்'சென்று மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வேலையை நம் நாட்டில் வளர்த்தவர்களில் முதன்மையானவர் ராம் மோகன். 1931ஆம் ஆண்டு பிறந்தவர். படித்தது வேதியியல். ஆனால் மனம் முழுக்கச் சித்திரத்தில்! 1956இல் பம்பாயில் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே பயிற்சி கொடுத்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னி நிறுவனத்தில் 'பாம்பி' என்ற மான்குட்டிப் படத்தில் வேலை செய்தவர். அந்தப் பிரிவு 1957இல் எடுத்த படமும் ஒரு மான் கதைதான்! வயிற்றில் குட்டியோடு இருந்த மானைக் காப்பாற்றத் தன் உயிரையே கொடுக்க முன்வந்த மான் அரசனின் கதை, புத்த ஜாதகக் கதைகளில் ஒன்று. ராம் மோகன் 1972இல் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். விளம்பரப் படங்கள் நிறையச் செய்தார். அதெல்லாம் இருக்கட்டும், மீனாவுக்கு வருகிறேன்.

1990களின் தொடக்கத்தில் யுனிசெஃப் அமைப்பு அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளில் பெண் குழந்தைகள் பலர் பள்ளிக்கே போகாமல் இருந்தார்கள். அவர்களுக்காகத் தொலைக்காட்சியில் ஒரு சிறுமி வர வேண்டும். நான்கு நாட்டுக் குழந்தைகளும் அவளைப் பார்த்து "இவ நம்ம ஊருப் பொண்ணு" என்று சொல்ல வேண்டும். எவ்வளவு சிக்கல், பாருங்கள்! என்ன உடை போடுவது? முகம் எப்படி இருக்க வேண்டும்? பல விதமாக வரைந்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். இந்துக்கள் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் வைக்கிற பெயராக 'மீனா' கிடைத்தது. அவளுக்கு ராஜு என்று ஒரு தம்பி, மிட்டு என்று ஒரு கிளி.

ஒரு கதையில் ராஜு பள்ளிக்குப் போகிறான், மீனாவை அனுப்பவில்லை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? கிளியைப் பள்ளிக்கு அனுப்பினாள்! மிட்டு வாய்ப்பாட்டைக் கேட்டுவந்து சொல்ல, மீனா மனப்பாடம் செய்தாள். பிறகு வீட்டுக் கோழிகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது! கோழித் திருடன் அகப்பட்டான், அப்பாவும் அவளைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதித்தார். இன்னொரு கதையில் மாம்பழத்தில் பெரிய துண்டு ராஜுவுக்குப் போகிறது. "ஏன்?" என்று மீனா கேட்கிறாள். அக்காவும் தம்பியும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். ராஜுவுக்கு அன்று இடுப்பு ஒடிந்தது!

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி. கணக்கில் புலி. தம்பி பிறந்ததும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுக்கொண்டே வந்தேன். பிறகு பெயரையே அடித்துவிட்டேன். அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நான் போய்க் கேட்கவில்லை. மிட்டு செய்த வேலையைக்கூட நான் செய்யவில்லை, குழந்தைகளே. உங்கள் வகுப்பில் யாராவது திடீரென்று வராமல் நின்றுவிட்டால், உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். "சார், அவங்க வீட்டுக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேளுங்கள். இரண்டு முறை கேட்டாலும் தப்பில்லை.

மீனா வங்க மொழி, இந்தி, உருது, நேபாளி என்று பல மொழிகளில் பேசினாள். செப்டம்பர் 24ஆம் தேதியை மீனா நாளாகவே வங்கதேசத்தில் கொண்டாடுகிறார்கள்.

ராம் மோகன் ஜப்பானியர்களோடு சேர்ந்து ராமாயணத்தையும் கார்ட்டூன் படமாக எடுத்தார். 1992இல் முடிந்த அந்தப் படம், 2025 ஜனவரியில் தமிழ் பேசியும் திரையரங்குகளுக்கு வந்தது. வேட்டி எப்படிக் கட்டுவது, கைகூப்பி எப்படி வணங்குவது என்பதையெல்லாம் ஜப்பானிய ஓவியர்களுக்குப் புரியவைக்க வேண்டியிருந்ததாம். பிரமாண்டமான படம்தான். ஆனாலும் எனக்குக் கோழி எண்ணும் மீனாவைத்தான் அதிகம் பிடிக்கிறது! 2014இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2017 அக்டோபரில் காலமானார்.

இப்போது உங்கள் ரஃப் நோட்டை எடுங்கள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இறக்கை தூக்கிய கிளி ஒன்று வரையுங்கள். அதற்கு முந்தைய பக்கத்தில், அதே இடத்தில், இறக்கையைக் கொஞ்சம் இறக்கி வரையுங்கள். இப்படியே இருபது பக்கம். பிறகு கட்டைவிரலால் ஓரத்தைப் பிடித்து விர்ரென்று விடுங்கள். நானும் நேற்று ராத்திரி உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். என் கிளி இன்னும் பறக்கவில்லை, கோழி மாதிரி தத்துகிறது!