இலக்கு மாறலாம்... நோக்கம்?

பி.காம். மூன்றாம் ஆண்டு வகுப்பில் யாரைக் கேட்டாலும் ஓர் இலக்கு தயாராக இருக்கும். ஒருவருக்கு சி.ஏ., இன்னொருவருக்கு வங்கித் தேர்வு, மற்றொருவருக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு வேலை, 30 வயதுக்குள் சொந்த வீடு. "சரி, அது எதற்காக?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனம்தான் பதில். அப்படியே பதில் வந்தாலும், "எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்" என்பதாக இருக்கும்.

வேலை தேடுவதிலோ வீடு கட்ட ஆசைப்படுவதிலோ தவறே இல்லை. ஆனால் அந்த இலக்கு கை நழுவிப் போகும் நாளில் என்ன ஆகும்? சி.ஏ. தேர்வில் மூன்று முறை தோற்றதும், வாழ்க்கையே முடிந்துவிட்டது போல அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. தோற்றது ஒரு தேர்வில்தான். ஆனால் அந்தத் தேர்வைத் தவிர வேறு எதையும் அவர்கள் யோசித்து வைக்கவில்லை.

இலக்கு, நோக்கம், விழுமியம். இந்த மூன்று சொற்களையும் பலர் ஒரே பொருளில் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் இவை வேறு வேறு. இலக்கு என்பது தேதி குறித்து முடிக்கக்கூடிய ஒன்று. அந்த இலக்கு யாருக்காக, எதற்காக என்பதற்கான விடைதான் நோக்கம். விழுமியம் என்பது அந்த வழியில் போகும்போது எதை மட்டும் செய்ய மாட்டேன் என்று ஒருவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கோடு.

இது வெறும் தத்துவம் அல்ல. இதற்கு மதுரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

விரல்கள் மடங்கியபோது

அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் தன் உறவுப் பெண்கள் பிரசவத்தின்போது இறந்துபோனதைக் கண்டவர். அதனால் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய முதல் இலக்கு. சென்னையில் மருத்துவம் படித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அப்போது கடுமையான முடக்குவாதம் தாக்கியது. 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். கை விரல்கள் கோணி மடங்கிவிட்டன. பிரசவம் பார்க்கும் கனவு அங்கேயே முடிந்துபோனது.

அவருக்கு இருந்தது இலக்கு மட்டும்தான் என்றால் கதையும் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால், தடுத்திருக்கக்கூடிய துன்பத்தைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கம் அந்த இலக்கின் அடியில் இருந்தது. அதற்கு மகப்பேறு மருத்துவம் மட்டுமே வழி அல்லவே! கண் மருத்துவம் படித்தார். தன் விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தவை அந்த மடங்கிய விரல்கள்தான்.

1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த வயதில் பலர் பென்ஷன் கணக்குப் பார்ப்பார்கள். அவரோ வீட்டை அடமானம் வைத்து, உடன்பிறந்தவர்களின் துணையோடு 11 படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிக்க வேண்டும் என்ற நோக்கத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதனால்தான் அதன்பிறகு எடுத்த முடிவுகளை எல்லாம் அந்த ஒரு வரியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

விழுமியத்துக்கு ஒரு விலை உண்டு

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அரவிந்தில் பணம் கட்டுவோரின் கட்டணத்தைக் கொண்டே இலவச சிகிச்சையும் நடக்கிறது. ஏழை என்பதற்குச் சான்றிதழ் கேட்பதில்லை. கட்டணப் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். அறை வசதி வேறுபடலாம். ஆனால் மருத்துவர்கள் இரண்டு பிரிவிலும் மாறி மாறிப் பணியாற்றுகிறார்கள்.

வசதி உள்ளவர்களும் இலவசத்தில் நுழைந்துவிட மாட்டார்களா? சிலர் நுழையக்கூடும். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்வதுதான் அந்த விழுமியத்தின் விலை. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே தயாரிக்க ஆரம்பித்து, விலையை சுமார் 10 டாலருக்கும், பிறகு அதற்கும் கீழாகவும் கொண்டுவந்தார்கள். 1993-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு கேஸ் ஸ்டடியே வெளியிட்டது.

இதற்கு நேர் எதிரான பாடமும் உண்டு. பெயரிலேயே உண்மையை வைத்திருந்த நிறுவனம் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். நல்ல நிர்வாகத்துக்காக 2008-ல் கோல்டன் பீகாக் விருதும் வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் சுமார் 7,000 கோடி ரூபாய்க்குப் பொய் இருப்பதை ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் இடையே முதலில் சிறிதாக இருந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்ததாகவும் அதில் எழுதியிருந்தார். 2015-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. கோட்டை முதல் முறை தாண்டியபோது அது சின்ன விஷயமாகத்தான் தெரிந்திருக்கும்!

"இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு"

இப்படி ஒரு எதிர்வாதம் வரும். அதில் நியாயமும் இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி, தங்கையின் கல்யாணம், கல்விக் கடன் என்று இருப்பவரிடம் போய் 'உன் நோக்கம் என்ன' என்று கேட்பது சில சமயம் கேலி போலத் தோன்றும்.

ஆனால் டாக்டர் வெங்கடசாமியும் வீட்டுக்கு மூத்த மகன்தான். தந்தை இறந்தபின் தம்பி தங்கைகளின் பொறுப்பு அவர் தோளில்தான் விழுந்தது. அரசுச் சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் கிராமங்களில் கண் முகாம்கள் நடத்தினார். குடும்பத்தைக் காப்பாற்றுவதும் ஒரு நோக்கம்தான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதைத் தெரிந்து தேர்ந்தெடுத்தவர் கிடைத்த வேலையை நிம்மதியாகச் செய்வார். தெரியாமல் மாட்டிக்கொண்டவர்தான் பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளத்தைக் கேட்டு ஏங்குவார்.

எப்படித் தொடங்குவது?

ஒரு தாளும் பேனாவும் போதும்.

1. மனதில் உள்ள இலக்கை எழுதி, கீழே "எதற்காக?" என்று கேட்டு பதில் எழுதுங்கள். அந்த பதிலுக்குக் கீழேயும் அதே கேள்வி. நான்கைந்து முறைக்குப் பிறகு வரும் பதில், மற்றவர் சொல்லிக் கொடுத்ததாக இருக்காது.

2. போன மாதம் பணமும் நேரமும் எங்கே போயின என்று கணக்கு எழுதுங்கள். ஒருவரின் உண்மையான விழுமியங்கள் அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். வாயால் சொல்வதும் கணக்கும் ஒத்துப்போகவில்லையென்றால், திருத்த வேண்டியது எது என்பதும் தெரியும்.

3. எவ்வளவு கொடுத்தாலும் செய்ய மாட்டேன் என்று மூன்று விஷயங்களை எழுதுங்கள். நாளை ஆடிட்டர் அலுவலகத்தில் வவுச்சர் இல்லாத செலவைக் "கண்டுகொள்ளாதே" என்று மேலே உள்ளவர் சொல்லும்போது, யோசிக்க அவகாசம் இருக்காது. முன்பே போட்டு வைத்த கோடுதான் அப்போது உதவும்.

எழுதிய தாளை வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். இலக்குகள் அடிக்கப்பட்டு, புதியவை எழுதப்பட்டிருக்கும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. டாக்டர் வெங்கடசாமி 2006-ல் மறைந்தபோது அவர் மகப்பேறு மருத்துவராக ஆகியிருக்கவில்லை. தன் முதல் இலக்கை அவர் அடையவே இல்லை. அதற்காக அவரைத் தோற்றவர் என்று யாராவது சொல்வார்களா?