உம்மாவுக்கும் ஒரு சுற்று

 

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் உதகைப் பேச்சு தொடங்கிவிடும். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்று சேர்ந்து வேன் அமர்த்திக்கொண்டு, சோற்றுப் பாத்திரங்களையும் பாயையும் ஏற்றிக்கொண்டு மலையேறுவது வழக்கம். தாவரவியல் பூங்காவின் வாயிலைக் கடந்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். ஆண்கள் படம் எடுத்துக்கொண்டே மேட்டை நோக்கி நடப்பார்கள். வீட்டின் உம்மா மட்டும் வாயிலுக்கு அருகிலுள்ள பெஞ்சு ஒன்றில் அமர்ந்துவிடுவார். பைகளும், கழற்றிப் போட்ட ஸ்வெட்டர்களும், உறங்கும் குழந்தையும் அவர் பொறுப்பில் இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து அனைவரும் திரும்பி வருவார்கள். அந்தப் பூங்காவில் அவர் கண்டது, அந்தப் பெஞ்சிலிருந்து தெரிந்த அளவே.

பூங்காவின் பாதைகளில் நடப்பது, இயன்றவர்கள் ஓடுவது என்பது பற்றி இம்மாதம் எழுத எண்ணினேன். எழுத அமர்ந்தபோது அந்தப் பெஞ்சே முதலில் நினைவுக்கு வந்தது.

உதகைப் பூங்கா பார்ப்பதற்காக மட்டும் அமைந்த இடமன்று. 1840-களில் அங்குக் குடியேறிய ஐரோப்பியர்கள் தங்கள் சமையலுக்குக் காய்கறி விளைவிக்கவே ஒரு தோட்டத்தைத் தொடங்கினர். சென்னை ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபு அதனை முறையான தோட்டமாக்க முனைந்தார். இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இல் உதகை வந்து அப்பணியை ஏற்றார். கீழ்ப்பகுதி அப்போது சதுப்பு நிலம். மேற்பகுதி ஓடைகள் அரித்த செங்குத்தான காடு. நீரை வடித்து, சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டி, அவற்றை இணைக்கும் பாதைகளை வளைத்து வளைத்து இட ஆண்டுகள் பல ஆயின. தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் ஏறத்தாழ 55 ஏக்கரில் இன்று நாம் காணும் பூங்கா அதுவே.

அந்த வளைவுகள் அழகுக்காக மட்டும் இடப்பட்டவை அல்ல. மேட்டை நேராக ஏறினால் தூரம் குறையும், மூச்சு திணறும். சரிவின் குறுக்கே வளைந்து ஏறினால் தூரம் கூடும், ஏற்றம் இலேசாகும். பாரம் சுமப்பவனும் முதியவரும் மேலே சென்று சேர்வதற்குரிய வழி அது. படிகளைத் தவிர்த்து அந்த வளைபாதையிலேயே செல்வோமாயின், ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியும் இடையிடையே நின்று, மேல்தட்டு வரை சென்று வர இயலும். கண்ணாடி வீட்டின் பூச்செடிகளையும், இத்தாலியத் தோட்டத்தையும், 2 கோடி ஆண்டுகள் பழைமையுடையதெனக் கூறப்படும் கல்லாகிப் போன மரத்தையும் கண்டு வரலாம். மேட்டின் மீது தோடர்களின் குடியிருப்பாகிய மந்து இருக்கின்றது. அது மக்கள் வாழும் இடம். அங்கு நுழைவோர் விருந்தினரின் அடக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும்.

இனி ஓட விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். சமவெளியில் தினமும் ஓடிப் பழகியவனும் உதகையில் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுவது உண்டு. உடம்பில் ஏதோ கோளாறு என்று அஞ்ச வேண்டியதில்லை. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் எங்கும் ஒன்றேதான். ஆனால் அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உடல் பெறுவது குறைவு. அதனை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கின்றது.

மெக்ஸிகோ நகரமும் இதே 2,240 மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றது. 1968-இல் அங்கு ஒலிம்பிக் போட்டி நடைபெற்றபோது, நீண்ட தூர ஓட்டத்தில் உலகப் புகழ் பெற்ற ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க் 10,000 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் மயங்கி வீழ்ந்தார். 5,000 மீட்டர் ஓட்டத்தில் துனீசியா நாட்டின் முகம்மது கம்மூதி தங்கம் வென்றார். அந்நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. அவர் எடுத்துக்கொண்ட நேரம் 14 நிமிடம் 5 விநாடி. அன்றைய உலக சாதனையோ 13 நிமிடம் 16.6 விநாடி. தொடக்கத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் நோட்டமிட்டபடி மெல்ல ஓடியதும் இதற்கு ஒரு காரணம். எனினும் உலகின் தலைசிறந்த வீரர்களே அவ்வுயரத்திற்கு அடங்கி ஓடினார்கள் என்றால், இரவெல்லாம் வேனில் பயணம் செய்து காலையில் வந்து இறங்கிய நம் பிள்ளைகள் முதல் நாளே பந்தயம் வைக்கலாமா? முதல் நாள் நடையோடு நிற்கட்டும். மறுநாள் ஓடும்போதும் பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேச முடிகின்ற வேகமே போதும். பேச்சு நின்றால் ஓட்டத்தை நடையாக்கிக்கொள்ள வேண்டும்.

குன்னூரின் சிம்ஸ் பூங்கா வேறு விதமானது. 1874-இல் அரசுச் செயலாளராக இருந்த ஜே.டி. சிம் என்பாரும் மேஜர் முர்ரே என்பாரும் தொடங்கிய இப்பூங்கா ஏறத்தாழ 12 ஹெக்டேர் பரப்புடையது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சுக்கு உதகையைவிடச் சற்று இலேசு. மரப் பெரணிகளும் பைன் மரங்களும் மக்னோலியாவும் நிழல் தருகின்றன. பள்ளத்தாக்கின் இயல்பான சரிவை மாற்றாமல், அதன் மீதே பாதைகளை இட்டிருக்கிறார்கள்.

உதகையில் வாயில் கீழே இருக்கின்றது, ஏறிவிட்டு இறங்குகிறோம். சிம்ஸ் பூங்காவிலோ சாலையோரம் நுழைந்து, படகு விடும் குளத்தை நோக்கி இறங்குகிறோம். இறங்கும்போது களைப்பே தோன்றாது. குளத்தருகே நின்று மேலே பார்க்கும்போதுதான், திரும்பி ஏற வேண்டுமே என்ற நினைவு வரும். ஆகவே அங்கு பாதி வலிமையை ஏற்றத்திற்கென்று மீதி வைத்துக்கொள்ள வேண்டும். மேலும், இறக்கத்தில் மூச்சு வாங்காவிட்டாலும் முழங்கால் வருந்துகிறது. உடலின் பாரத்தைத் தாங்கியபடியே தொடைத் தசைகள் நீள்வதால், மறுநாள் காலையில் படியிறங்க முடியாமல் வலி எடுப்பதும் உண்டு. இறக்கத்தில் குறுகிய அடிகளாக எடுத்து வைத்து, பாசி படிந்த படிகளில் கைப்பிடியைப் பற்றி இறங்குவதே முறை. மே மாதத்தில் உதகையில் மலர்க் கண்காட்சியும் இங்குப் பழக் கண்காட்சியும் நடைபெறும் நாட்களில் ஓடுவதற்கு இடமிராது. அந்நாட்களில் கண்ணுக்கு விருந்து போதும்.

சிம்ஸ் பூங்காவிற்கு எதிரே 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம் இருக்கின்றது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து ஆக்கித் தந்து எண்ணற்ற உயிர்களைக் காத்த நிறுவனம் அது. ஓடுவோர் அதனைக் கடக்கும்போது ஒரு பாடத்தை நினைவிற்கொள்ளலாம். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, மெல்ல நடந்து விலக வேண்டும். கடித்துவிட்டாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் பூசுதல் கூடாது.

பூங்காவைக் கடந்து, லேம்ஸ் ராக் நோக்கிச் செல்லும் சாலை தேயிலைத் தோட்டங்களின் ஊடே போகின்றது. அப்பாதையில் ஓடுவது இன்பமானதே. ஆயினும் வைகறையிலும் அந்தியிலும் அங்குக் காட்டெருமையும் கரடியும் உலவுவது வழக்கம். சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் இருளோடு புறப்பட்டுவிடாமல், நன்கு வெளிச்சம் பரவிய பின்னரே செல்ல வேண்டும். காட்டெருமை சாந்தமாக மேய்வதுபோல் தோன்றினும் நெருங்கிப் படம் எடுக்க முயல்வது பேராபத்து. தூரத்தில் கண்டதும் வந்த வழியே திரும்பிவிடுவதே அறிவுடைமை. கொழுந்துக் கூடையோடு தோட்டப் பெண்கள் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். நாம் உடல்நலம் கருதி ஏறும் மேட்டை அவர்கள் வயிற்றுப்பாட்டிற்காக நாளெல்லாம் ஏறி இறங்குகிறார்கள்.

இப்போது பெஞ்சில் அமர்ந்திருக்கும் உம்மாவிடம் வருவோம்.

நம் வீடுகளில் நாற்பது வயதைக் கடந்த பெண்களில் சர்க்கரை நோயும் மூட்டுவலியும் இல்லாதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. வாரத்தில் குறைந்தது 150 நிமிடமேனும் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் விரைவாக நடந்தாலே அந்தக் கணக்கு நிறைவேறிவிடும். அடுப்படியில் நாளெல்லாம் நிற்கிறாரே, அது போதாதா என்று கேட்பவர் உண்டு. நிற்பது களைப்பைத் தரும். நெஞ்சுக்கும் தசைக்கும் விரைந்த நடை தரும் வலிமையை அது தருவதில்லை.

பெண்கள் பூங்காவில் நடப்பதும் ஓடுவதும் நம் மரபிற்கு ஒவ்வாதே எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு பயணத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே அனுப்பிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்பதும், முதன்முறை அன்னை வென்றார்கள், பின்னொரு முறை நபியவர்கள் வென்றார்கள் என்பதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள செய்தி. கணவன் மனைவிக்காக நேரம் ஒதுக்கினார். இடத்தின் கண்ணியத்தையும் பேணினார். இவ்விரண்டையும் நாமும் பேணலாம். கூட்டம் சேராத காலை வேளையைத் தெரிந்தெடுப்பதும், குடும்பத்தோடு செல்வதும், காலில் சிக்காதவாறு தைத்த பர்தாவும் வழுக்காத காலணியும் அணிவதும் அதற்குப் போதுமானவை.

அதற்கும் மேலாக ஒன்றுண்டு. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடக்கிறார்கள். மொத்தம் 3 கிலோமீட்டருக்கும் சற்று மேல். பச்சை விளக்குகளுக்கிடையே ஆண்கள் விரைந்தோடுகிறார்கள். அந்த ஓட்டம் யாருடைய ஓட்டம்? தாகத்தால் தவித்த குழந்தைக்காக நீர் தேடி அலைந்த அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் ஓட்டமன்றோ! ஒரு தாயின் காலடிகளைத்தான் உலக முஸ்லிம்கள் அனைவரும் பின்பற்றி நடக்கிறார்கள். அப்படியிருக்க, நம் வீட்டுத் தாய்மார்கள் வாழ்நாளெல்லாம் அமர்ந்திருந்துவிட்டு, அறுபது வயதில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, ஸயீயின் நடுவிலேயே கால் வீங்கி சக்கர நாற்காலி தேடும் நிலை வரலாமா? உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் வாய்ப்பை நம் பெண்களுக்கு அளிப்பது ஆண்களின் கடமை.

ஆகவே இந்த விடுமுறையில் ஓர் ஏற்பாடு செய்து பாருங்கள். உதகைக்கோ குன்னூருக்கோ செல்வதற்கு ஒரு மாதம் முன்பே, ஊரிலேயே, குளக்கரையிலோ பள்ளி மைதானத்திலோ வீட்டுப் பெண்களோடு தினமும் அரை மணி நேரம் நடக்கத் தொடங்குங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை உள்ளதால், எவர்சில்வர் புட்டியில் நீர் எடுத்துச் செல்லுங்கள். குளிரில் தாகம் தெரியாது. ஆயினும் உடலுக்கு நீர் வேண்டும்.

பூங்காவிற்குள் நுழைந்ததும் பைகளை எல்லாம் அந்தப் பெஞ்சில் வைத்துவிட்டு, முதல் அரை மணி நேரம் வாப்பா காவல் இருக்கட்டும். அடுத்த அரை மணி நேரம் மூத்த மகன் இருக்கட்டும். உம்மா தம் மகளின் கையைப் பற்றிக்கொண்டு, வளைந்து செல்லும் அந்தப் பழைய பாதையில் மெல்ல ஏறட்டும். திரும்பி வந்து, மேலே தாம் என்ன கண்டார் என்பதை அவரே உங்களுக்குச் சொல்வார், இன்ஷா அல்லாஹ்.