சீரும் சொத்தும்: ஒரு ஆங்கிலப் படமும் நம் பள்ளத்தாக்கும்

ஆங் லீ இயக்கிய 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' (1995) காதல் நகைச்சுவைப் படமாகவே பேசப்படுகிறது. அதன் ஈர்ப்பு பாகப்பிரிவினையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

தங்கையரைக் காப்பதாக, இறக்கும் தறுவாயில் இருக்கும் தந்தையிடம் முதல் தாரத்து மகன் வாக்களிக்கிறான். 3000 பவுண்டு தர எண்ணுகிறான். மனைவி நியாயம் பேசப் பேச அத்தொகை தேய்ந்து, எப்போதாவது தரும் சிறு அன்பளிப்பாக முடிகிறது. 1811இல் வெளியான ஜேன் ஆஸ்டின் நாவலின் இக்காட்சியை, எம்மா தாம்ஸனின் ஆஸ்கர் பெற்ற திரைக்கதை கூர்மை கெடாமல் காத்திருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு உரை தேவையில்லை. பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகளுக்கும் சமபங்கு உண்டென்று தமிழகச் சட்டம் 1989இலேயே சொல்லிவிட்டது. ஆயினும் முல்லைப் பெரியாறு பாயும் இருபோக வயலைப் பிரிக்கும்போது, "நகை போட்டோம், சீர் செய்தோம்" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவதுண்டு. பிறகு சீரும் ஆண்டுக்காண்டு தேயும். பொங்கல் சீர் தொலைபேசி விசாரிப்பாகச் சுருங்கும்.

ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) இக்கதையைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்தது. உயிலால் வீடிழக்கும் சகோதரிகளின் துயரம் அதில் நிறைவாகவே உண்டு. பேரத்தைக் கண்டு எழும் சிரிப்புதான் குறைவு. பாகப்பிரிவினை என்றாலே நம் திரையில் கண்ணீர். அழுது முடித்ததும் அண்ணனை மன்னித்துவிடுகிறோம். சிரிக்கும்போதோ அவன் போட்ட கணக்கு நமக்குப் புரிந்துவிடுகிறது.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் நடப்பதை எவரேனும் இவ்வாறு சிரிக்கச் சிரிக்கப் படமெடுத்தால், கையெழுத்திடும் முன் ஒரு தங்கையாவது யோசிப்பாள்.