அளக்கப்படாத பனி

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் சோட்டா ஷிக்ரி என்றொரு பனியாறு இருக்கிறது. ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளம். அதன் உடம்பில் நீராவியால் துளை போட்டு மூங்கில் கழிகளை ஆழமாக இறக்கி வைத்திருக்கிறார்கள். கோடையில் பனி உருக உருக, கழி மேலே தலைகாட்டும். செப்டம்பர் கடைசிவாக்கில் ஆய்வாளர்கள் ஏறிப்போய், எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளப்பார்கள். உச்சியில் பனி சேரும் இடத்தில் குழி தோண்டி, அந்த ஆண்டு விழுந்த பனியின் தடிமனையும் அடர்த்தியையும் குறித்துக்கொள்வார்கள். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு. 2002 முதல் நடக்கும் இந்தக் கணக்கில் பெரும்பாலான ஆண்டுகள் நஷ்டம்தான்.

இந்திய இமயமலையில் இவ்வளவு காலம் இடைவிடாமல் அளக்கப்பட்ட பனியாறு வேறு கிடையாது. நாட்டில் 9,575 பனியாறுகள் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் நேரில் போய்க் கழி நட்டு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கப்பட்டவை மிகச் சொற்பம். செயற்கைக்கோள்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பரப்பைச் சொல்லும், உயரத்தைச் சொல்லும். சொல்வது சரிதானா என்று ஒத்துப்பார்க்கத் தரையில் ஒரு கழி வேண்டும்.

அளவு இல்லாத இடத்தில் புரளிதான் குடியேறும். காலநிலை மாற்றம் குறித்த ஐநா குழுவின் 2007 அறிக்கையில், இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இடம்பெற்றது. ஆதாரமில்லாத வரி அது. 2009இல் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் புவியியலாளர் வி.கே. ரெய்னா தயாரித்த அறிக்கையை வெளியிட்டது. பனியாறுகள் அசாதாரண வேகத்தில் தேய்வதற்குச் சான்று போதாது என்றது அந்த அறிக்கை. ஐநா குழுவின் அன்றைய தலைவர் ஆர்.கே. பச்சௌரி அதை அறிவியலே அல்ல என்று எள்ளி நகையாடினார். சில மாதங்களில், 2010 ஜனவரியில், குழு வருத்தம் தெரிவித்துத் தன் வரியிலிருந்து பின்வாங்கியது. காலநிலை மாற்றமே கட்டுக்கதை என்பவர்களுக்கு இன்றைக்கும் அந்த ஒரு வரி கைகொடுக்கிறது.

ஆனால் 2035 தப்பாகிப் போனதால் உருகுவது பொய்யாகிவிடாது. 2000 முதல் 2023 வரை உலகப் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் பனியை இழந்ததாக 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கூட்டாய்வு சொல்கிறது. இந்துகுஷ்-இமயமலைப் பகுதியில் 2011-2020 பத்தாண்டில் இழப்பின் வேகம் முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் கூடியது என்கிறது காத்மாண்டுவில் இயங்கும் மலைப்பகுதி வளர்ச்சி மையத்தின் 2023 அறிக்கை. இதைக் கேட்டதும் கங்கை வற்றிவிடும் என்று மேடையில் முழங்குவது சுலபம். சமவெளிக் கங்கைக்குப் பெரும்பங்கு நீரைத் தருவது பருவமழை. மழை குறைந்த மேற்கில் ஓடும் சிந்துவின் பாடுதான் திண்டாட்டம். அது பனி உருகும் நீரை மிக அதிகமாக நம்பியிருக்கும் நதி.

தண்ணீர் குறையும் காலம் வருவதற்கு முன்பே, தண்ணீர் ஒரேயடியாகக் கொட்டும் காலம் வந்துவிட்டது. பனியாறு பின்வாங்கும்போது, அது தள்ளிக்கொண்டுவந்த கல்லும் மண்ணும் கரையாக நிற்க, உள்ளே ஏரி தேங்குகிறது. சிக்கிமின் தெற்கு லோனக் ஏரி அப்படிப் பிறந்ததுதான். 5,200 மீட்டர் உயரத்தில், ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே போனது. உடைந்தால் சுங்தாங்கில் உள்ள அணைக்கும் ஊருக்கும் ஆபத்து என்று 2021இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. அதற்கும் முன்னால், 2016இல், லடாக் பொறியாளர் சோனம் வாங்சுக் குழுவினர் குழாய் போட்டு ஏரி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிப் பார்த்தார்கள். 2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, ஏரியின் பக்கவாட்டு மண்மேடு சரிந்து நீருக்குள் விழுந்தது. எழுந்த அலை கரையை உடைத்தது. செப்டம்பர் 28இல் 167 ஹெக்டேராக இருந்த ஏரி, அக்டோபர் 4இல் 60 ஹெக்டேராகச் சுருங்கிக் கிடந்ததை இஸ்ரோ படங்கள் காட்டின. வெளியேறிய வெள்ளம் சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் 60 மீட்டர் அணையை வாரிக்கொண்டு போனது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் காணாமலே போனார்கள்.

அந்த மின்திட்டத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 14,000 கோடி ரூபாய். பேரிடருக்குப் பிறகு, 2024இல், இமயமலையின் நான்கு மாநிலங்களுக்கும் சேர்த்துப் பனிஏரி வெள்ள அபாயத்தைக் குறைக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்த தொகை 150 கோடி. அணை கட்டும் பணத்தில் நூறில் ஒரு பங்கு சொச்சம், அதுவும் நான்காகப் பிரித்து! இதற்கிடையில் 2025 ஜனவரியில், அதே இடத்தில் 118 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் அணை எழுப்ப மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தும் விட்டது. டேராடூனின் வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனத்தில் 2009இல் தொடங்கிய பனியாற்றியல் மையம் 2020இல் மூடப்பட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூடிய ஓராண்டுக்குள், 2021 பிப்ரவரி 7 அன்று, உத்தராகண்டின் சமோலியில் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. மையம் இருந்திருந்தால் அதைத் தடுத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து கூடிவரும் மலையில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதா, மூடிக்கொள்வதா என்ற முடிவு அங்கே தெரிகிறது.

இமயமலைக்கே இந்தக் கதி என்றால், துருவங்களைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? வெயிலில் வேகும் நாட்டுக்கு அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி, ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி என்று ஆய்வு நிலையங்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதில் கடலில் இருக்கிறது.

கிரீன்லாந்து போன்ற மாபெரும் பனிப்பாளம் தன் எடையின் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல் நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்தால் அந்தப் பிடி தளரும், நீர் விலகிப்போகும். அதனால் கிரீன்லாந்துக் கரையில் கடல்மட்டம் தாழும், தொலைவில் உள்ள கரைகளில் சராசரியைவிட அதிகமாக உயரும். இரு துருவங்களுக்கும் வெகுதூரத்தில், வெப்ப மண்டலத்தில் இருக்கிறது தமிழகம். இங்கே தூரம் பாதுகாப்பல்ல.

ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் சொல்லும்படி உயராது. அது ஏற்கெனவே நீரில்தான் இருக்கிறது. அது போவதால் வரும் கேடு வேறு. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பரப்பு போய், வெப்பத்தைக் குடிக்கும் கருநீர் வெளிப்படுகிறது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது. ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பரில் கொட்டித் தீர்க்கும் மழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் 2021இல் எழுதினார்கள். உறுதியான முடிவு அல்ல, ஆனால் பருவமழையை நம்பிப் பயிரிடும் நாடு தேடிப்பார்க்க வேண்டிய நூல்முனை.

இதற்காக ராயபுரம், எண்ணூர் கடற்கரை அரிப்பையெல்லாம் துருவத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. அங்கே மணல் அரித்துப் போனதில் துறைமுகக் கட்டுமானத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பழியைப் பனி மேல் போட்டால் உள்ளூர்த் தவறுகள் தப்பித்துக்கொள்ளும்.

ஐநா குழுவின் 2021 கணிப்பின்படி 2100க்குள் கடல் 28 சென்டிமீட்டரும் உயரலாம், ஒரு மீட்டரும் உயரலாம். அண்டார்டிகாவின் பனிப்பாளங்கள் எதிர்பாராமல் சரிந்தால் இரண்டு மீட்டர்வரை போவதையும் மறுக்க முடியாது என்கிறது அதே அறிக்கை. இந்த இடைவெளிக்குக் காரணம், வரும் ஆண்டுகளில் மனிதர்கள் எவ்வளவு புகை விடுவார்கள் என்பது ஒன்று. பனிப்பாளங்களின் அடிவயிற்றில் வெதுநீர் என்ன செய்கிறது என்பது போதிய அளவு அளக்கப்படவில்லை என்பது இன்னொன்று. மேற்கு அண்டார்டிகாவின் த்வைட்ஸ் பனியாறு மட்டும் முழுதாகப் போனால் உலகக் கடல்மட்டம் 65 சென்டிமீட்டர் ஏறும். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் தளத்தை எந்த உயரத்தில் போடுவது என்று கணக்கிடும் பொறியாளருக்கு வேண்டிய எண் அங்கே பனிக்கடியில் கிடக்கிறது.

2024 மே மாதம் கொச்சியில் நடந்த அண்டார்டிக் ஒப்பந்தக் கூட்டத்தில், பழைய மைத்ரிக்குப் பதிலாகப் புது நிலையம் கட்டும் திட்டத்தை இந்தியா அறிவித்தது. நல்லது. அதே அக்கறை இமயத்துக்கும் இறங்கி வரவேண்டும். ஒவ்வொரு பெரிய நதிப்படுகையிலும் குறைந்தது ஒரு பனியாறாவது சோட்டா ஷிக்ரியைப் போல ஆண்டுதோறும் அளக்கப்பட வேண்டும். ஆய்வுத் திட்டம் முடிந்தது, பணம் நின்றது என்று பாதியில் கைவிடக் கூடாது. மலையில் புதிய அணைக்கு அனுமதி கேட்டு வரும் கோப்பில், அதற்கு மேலே தேங்கியிருக்கும் ஒவ்வொரு பனிஏரியின் அளவீடும், எச்சரிக்கைச் சங்கு எந்தெந்த ஊரில் ஒலிக்கும் என்ற விவரமும் இருக்க வேண்டும். இல்லாத கோப்பைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் நிபுணர் குழுவுக்கு இப்போதே இருக்கிறது.