தொடாதேங்கறது எங்களுக்குப் புதுசில்ல

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நாலு மணி நேரத்தில் நாட்டையே பூட்டினார்கள். கூடவே ஒரு சொல் வீட்டுக்கு வீடு புகுந்தது: சமூக இடைவெளி. அந்த மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் ‘உடல் இடைவெளி’ என்று மாற்றிச் சொல்லிவிட்டது. நம்ம ஊர் வாய் ‘சமூக’த்தை விடல. எப்படி விடும்? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் அதை அளந்து போட்ட வாயாச்சே.

பிறகு பேச ஆரம்பித்தார்கள்: ஊரடங்கில் தம்பதிகளின் நெருக்கம் கூடுமா, குறையுமா? தனியறை வைத்திருப்பவனின் கேள்வி இது. எங்கள் தெருவில் தொகுப்பு வீடுகள். ஒரே அறையில் அப்பா, அம்மா, தம்பி, அவன் மனைவி, ரெண்டு பிள்ளைகள். மத்தவங்க வேலைக்கும் பள்ளிக்கும் போனால்தான் புருஷன் பொண்டாட்டி முகம் பார்த்துப் பேசவே முடியும். அந்த அரைமணி நேரத்தையும் ஊரடங்கு பிடுங்கிக்கொண்டது.

என் சித்தப்பா குப்பை அள்ளுகிறார். ஊரே வீட்டிலிருந்தபோது அவர் தெருவிலிருந்தார், ஒழுங்கான கையுறைகூட இல்லாமல். பகலில் ‘முன்களப் பணியாளர்’ என்று கைதட்டு. ராத்திரி, நோயைக் கொண்டுவந்துடுவோமோ என்ற பயத்தில் திண்ணையில் படுக்கை. சித்தி உள்ளே. மூணு மாசம். இந்த நெருக்கத்தைப் பற்றி எவன் எழுதினான்?

ஆனால் தோழர்களே, எல்லாப் பழியையும் ஊர்மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. நான் வங்கி கிளார்க். 2020 ஏப்ரல் முதல் மூணு மாசம் பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டார்கள். எங்கள் சேரி அக்கா ஒருத்தி, “அவருக்குத் தெரிய வேணாம் தம்பி”ன்னு சொல்லித்தான் எடுத்துப்போனாள். மே 7-இல் டாஸ்மாக் திறந்தது. உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்சநீதிமன்றம் தடை கொடுக்க, 16-இல் மறுபடி திறந்தது. ஜூன் பணத்துக்கு வந்தவளை, பாஸ்புக் படத்தோடு ஒப்பிட முகக்கவசத்தை இறக்கச் சொன்னேன். கன்னம் வீங்கியிருந்தது. நான் ஒண்ணும் கேட்கல. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அடித்தவன் நம் கூட்டங்களுக்குக் கொடி கட்டுகிறவன். கேட்காமல் விட்டவன் கவிதை எழுதுகிறவன்.

சாதி ஒழியக் கலப்பு மணமே மெய்யான மருந்து என்றார் அம்பேத்கர், 1936-இல். யார் யாரைத் தொடலாம் என்பதில்தான் சாதி உயிர் வாழ்கிறது என்று அவருக்குத் தெரியும். தொடும் உரிமைக்குப் போராடுகிற நாம், வீட்டுக்குள் எந்தக் கையால் தொடுகிறோம்?

ரெண்டு அறை வீடு கேட்போம். கையுறை கேட்போம். அந்த அக்காவிடம் போய், அன்றைக்குக் கேட்காததையும் கேட்போம். கடைசியாகச் சொன்னதற்கு அரசாங்கத்திடம் மனு போட வேண்டியதில்லை.