கக்குவான் இருமல்: ஐசியூ வாசலுக்குப் போகும் முன்பே தடுக்க முடியாதா?

பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தை. இரண்டு நாளாக லேசான சளி, காய்ச்சல் இல்லை. ‘சளிதானே, சரியாப் போயிடும்’ என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். திடீரென்று பால் குடிக்கும்போது மூச்சு நின்று, உதடு நீலமாகிறது. பச்சிளம் குழந்தைகளிடம் கக்குவான் இருமல் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டுகிறது.

இருமல் சத்தம் கேட்காதா?

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் தொடர்ந்து இருமிவிட்டு, ‘கூ’வென்ற ஓசையோடு மூச்சை இழுப்பார்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த ஓசை வராமலே போகலாம். இருமலுக்குப் பதிலாக மூச்சு நின்று நின்று வரும். முகம் நீலமானால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஐசியூவில் என்ன செய்வார்கள்?

ஆக்சிஜன் கொடுப்பார்கள், சளியை உறிஞ்சி எடுப்பார்கள், குழாய் வழியாகப் பால் கொடுப்பார்கள். அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தும் உண்டு. அது கிருமியைக் கொல்லும், மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்கும். ஆனால், கிருமி ஏற்கெனவே உடலில் கக்கிய நச்சை அதனால் திரும்ப எடுக்க முடியாது.

அந்த நச்சுதான் பெரிய வில்லன். அது ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பெருகித் தேங்கச் செய்கிறது. சாதாரணமாகச் சில ஆயிரங்களில் இருக்கும் எண்ணிக்கை, தீவிர நிலையில் ஒரு லட்சத்தையும் தாண்டலாம். இவை நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ள, இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளலாம். ரத்தம் ஓட வழியில்லை என்றால் ஆக்சிஜன் எப்படிச் சேரும்?

அதனால்தான் டாக்டர்கள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அது வேகமாக ஏறினால், குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, தானமாகப் பெற்ற ரத்தத்தைச் செலுத்துகிறார்கள். உறுப்புகள் செயலிழக்கும் முன்பே செய்தால்தான் இதற்குப் பலன் அதிகம். கடைசி முயற்சி, உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ‘எக்மோ’ கருவி. அது சில பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே உண்டு. அது வைத்தும் இழக்கும் குழந்தைகள் ஏராளம்.

தடுப்பூசிதான் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால், பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணையே ஆறாவது வாரத்தில்தான். அடுத்தவை 10, 14-வது வாரங்களில். ஆபத்து அதிகமாக இருக்கும் முதல் சில வாரங்களில் குழந்தைக்குச் சொந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நோயைக் கொடுப்பதும் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான்: நாள்பட்ட இருமல் உள்ள அம்மா, அக்கா, பாட்டி.

இந்த இடைவெளியை அடைக்க ஒரு வழி உண்டு. கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரங்களுக்குள் தாய்க்கு ‘டிடேப்’ ஊசி போட்டால், எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. இங்கிலாந்தில் 2012 அக்டோபரில் இது தொடங்கியது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைத்ததாக ஆய்வு சொன்னது. பிறகு அங்கே ஊசி போட்டுக்கொள்ளும் கர்ப்பிணிகள் 70 சதவீதத்துக்கு மேலிருந்து 60 சதவீதத்துக்கும் கீழே குறைந்தார்கள். 2024-ல் நோய் பரவியபோது 11 குழந்தைகள் இறந்தன.

இங்கே என்ன நிலை?

நம் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசி ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய இரண்டுக்கு மட்டுமே. கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும் டிடேப்பை இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தும், தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏழைத் தாயின் குழந்தைக்கு மட்டும் இந்தக் கவசம் ஏன் இல்லை?

புதிதாக முகாம் எதுவும் தேவையில்லை. கர்ப்பிணிகளைத் தேடிப் போகும் கிராம சுகாதார செவிலியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இப்போது போடும் ஊசியில் ஒரு தவணையை டிடேப்பாக மாற்றி, இலவசமாகக் கொடுத்தால் போதும். அரசு இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அதுவரை நாம் செய்யக்கூடியது: கர்ப்பிணிகள் டிடேப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இருமுகிறவர் யாராக இருந்தாலும் பிள்ளையைத் தூக்க வேண்டாம். ஆறாவது வார ஊசியை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.